எழும்பூரில் ஒரு மே மாதம்: பள்ளிப் பிள்ளைகள் சென்னை அருங்காட்சியகங்களில் பயிற்சி பெறுவது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி வாக்கில் யாராவது ஒரு பிள்ளை வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். "மிஸ், லீவுல மியூசியத்துல சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா?" வடசென்னையில் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு எடுக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பல வருடங்களாகத் தனித்தனியே சொல்லி வந்த பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன். பிள்ளைகளும் படிக்கலாம், பெற்றோரும் படிக்கலாம்.

முடியும். ஆனால் விண்ணப்பப் படிவம், கடைசித் தேதி, தேர்வுப் பட்டியல் என்று எல்லாம் தயாராக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இன்டர்ன்ஷிப் என்றாலே நம் நிறுவனங்களின் மனதில் வருவது கல்லூரி மாணவர்தான். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை வந்து கேட்டால் என்ன வேலை கொடுப்பது என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் அந்த வேலையை நீங்களே யோசித்து, எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். என் மாணவர்களில் இடம் கிடைத்தவர்கள் எல்லோரும் அப்படிப் போனவர்கள்தான்.

முதலில், எதைக் கேட்கிறீர்கள் என்று தெளிவாகுங்கள்

மூன்று விதமான வாய்ப்புகள் உண்டு. கோடை முகாம், ஓவியப் பட்டறை, களிமண் பொம்மை செய்வது போன்றவை முதல் வகை. அறிவிப்பு வரும், பெயர் கொடுத்தால் போதும். எட்டாம் வகுப்பு வரை இருக்கும் பிள்ளைகளுக்கு இதுவே சரி. இரண்டாவது தன்னார்வப் பணி: ஒரு விழா நாளிலோ வார இறுதியிலோ போய் உதவுவது. மூன்றாவதுதான் இன்டர்ன்ஷிப். குறிப்பிட்ட நாட்கள், குறிப்பிட்ட வேலை, மேற்பார்வைக்கு ஓர் ஆள், முடிவில் நீங்கள் செய்து கொடுத்த ஒரு பொருள், எல்லாம் இருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருப்பவர்களும், பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்காகக் காத்திருப்பவர்களும் இதைக் கேட்கலாம். சம்பளம் இருக்காது, பஸ் செலவும் மதியச் சாப்பாடும் உங்களுடையதுதான் என்ற கணக்கோடு இறங்குங்கள்.

ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பத்து இடங்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவது வீண். ஓர் இடம் போதும். எது என்பது உங்களுக்கு எதில் பிடிப்பு என்பதைப் பொறுத்தது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். 1851இல் தொடங்கியது. இந்தியாவில் கொல்கத்தாவுக்கு அடுத்து மிகப் பழமையானது. முதலில் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில்தான் இருந்தது. மூன்று வருடங்களில் பாந்தியன் சாலைக்கு வந்தது. அந்தக் காலத்தில் இதே வளாகத்தில் ஒரு விலங்குக் காட்சிசாலையும் இருந்தது. பழைய சென்னைக்காரர்கள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொன்னார்கள். கல்லூரியில் பிறந்ததால் வந்த பெயர் அது. என் பாட்டி கடைசி வரை அப்படித்தான் சொன்னார்.

இந்த ஓர் இடத்திலேயே தொல்லியல், மானிடவியல், நாணயவியல், விலங்கியல், தாவரவியல், நிலவியல் (பாறை, கனிமம் பற்றியது) என்று பல பிரிவுகள் உண்டு. பிரிவுக்குப் பொறுப்பானவரைக் காப்பாட்சியர் என்பார்கள். ஆகவே "மியூசியத்தில் சேர வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தப் பிரிவு என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை 9.30 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும். எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

கைவினை, வீடு, நெசவு, மண்பாண்டம் பிடிக்கும் என்றால் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா. 1996 முதல் இயங்குகிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த வேலையின் அருமை தெரியும். அரசுத் துறை இல்லாததால் கடிதத்துக்குப் பதில் கொஞ்சம் சீக்கிரம் வரலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. தூரம்தான் பிரச்சினை. வடசென்னையிலிருந்து போக வர அரை நாள் போய்விடும்.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே இருக்கும் கோட்டை அருங்காட்சியகம் 1948இல் திறக்கப்பட்டது. இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஏற்ற இடம். மத்திய அரசுத் துறை என்பதால் அனுமதி வர நாளாகும். தலைமைச் செயலகம் இருக்கும் வளாகம் என்பதால் பள்ளி அடையாள அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். இங்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை.

காகிதத்திலும் அச்சிலும் ஆசை உள்ளவர்கள் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் பாருங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த தமிழ்ப் புத்தகங்களிலிருந்து 1994இல் உருவானது. பெயர் நூலகம்தான். ஆனால் பழைய அச்சுப் பிரதிகளை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் நகரத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

ரயில் பிடிக்கும் பிள்ளைகளுக்கு ஐ.சி.எஃப். பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகம், வானம் பிடிக்கும் பிள்ளைகளுக்குக் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம்.

மூன்று முறை போங்கள், ஒரே கூடத்துக்கு

வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி இதுதான். கடிதம் எழுதுவதற்கு முன்னால் அந்த இடத்துக்குப் பார்வையாளராக மூன்று முறையாவது போயிருக்க வேண்டும். மூன்று முறையும் ஒரே கூடத்துக்கு.

கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. பேனா வேண்டாம். மை தெறித்தாலோ கறை பட்டாலோ எடுக்க முடியாது என்பதால், பழம்பொருட்களுக்குப் பக்கத்தில் பென்சில்தான் என்ற பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். செல்போனைப் பையில் போட்டுவிடுங்கள். படம் எடுக்க வேண்டும் என்றால் கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டா என்று கவுன்டரில் கேளுங்கள். சில கூடங்கள் பராமரிப்புக்காக மூடியிருக்கலாம், அதையும் அங்கேயே கேட்டுவிட்டால் நேரம் மிச்சம்.

முதல் முறை சும்மா சுற்றிப் பாருங்கள். எது உங்களை நிறுத்துகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை அந்த ஒரு பொருளின் முன்னால் அரைமணி நேரம் நின்று வரையுங்கள். ஓவியம் அழகாக வர வேண்டியதில்லை. வரைவது கண்ணை மெதுவாக்கும், அதற்காகத்தான் இது.

ஒரு உதாரணம். எழும்பூரின் செப்புத் திருமேனிகளில், அதாவது வெண்கலத் தெய்வச் சிலைகளில், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் உண்டு. சோழர் காலத்தது. பாதி சிவன், பாதி உமை என்பது எல்லோருக்கும் தெரியும். "எத்தனை கை?" என்று பிள்ளைகளைக் கேட்டால், பார்த்துவிட்டு வந்த பிறகும் நான்கு என்பார்கள், சிலர் இரண்டு என்பார்கள். மூன்று கை. சிவன் பக்கம் இரண்டு, உமை பக்கம் ஒன்று. சமமில்லாத கைகளை வைத்துக்கொண்டு உடல் சாய்ந்துவிடாமல் சிற்பி எப்படி நிறுத்தினார் என்ற கேள்வி அப்போதுதான் வரும். இடுப்பை எங்கே வளைத்தார், எடையை எந்தக் காலில் வைத்தார் என்று தேட ஆரம்பிப்பீர்கள். வரைந்து பார்த்த பிள்ளைக்கு மட்டும்தான் அந்தக் கேள்வி வருகிறது. எனக்கே வரைந்து பார்த்தபோதுதான் வந்தது.

கல்லும் இரும்பும் பிடித்தவர்களுக்கு வேறு இரண்டைச் சொல்கிறேன். 1863 மே மாதம் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால ஆராய்ச்சி தொடங்கியது அங்கேதான். அவர் திரட்டியவற்றில் பெரும்பகுதி பின்னாளில் எழும்பூருக்கு வந்தது. பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ வீடு இருக்கும் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான பாடம் வேண்டுமா? அதே ஆண்டு அவர் கண்ட இன்னோர் இடம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம். அங்கே கிடைத்த கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இரண்டாவது ஆதிச்சநல்லூர். அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழிகள், இரும்புப் பொருட்கள், தங்க நெற்றிப்பட்டங்கள் எழும்பூருக்கு வந்தவை.

மூன்றாம் முறை போகும்போது பொருளைப் பார்க்காதீர்கள், பார்க்க வருகிறவர்களைப் பாருங்கள். எங்கே நிற்கிறார்கள், எதைப் படிக்காமல் கடந்து போகிறார்கள், குழந்தைகள் அம்மாவிடம் என்ன கேட்கிறார்கள், அம்மா என்ன பதில் சொல்கிறார். நீங்கள் செய்யப்போகும் வேலை இந்தப் பக்கங்களிலிருந்துதான் வரும்.

வேலையை நீங்களே வரையறுங்கள்

"எது கொடுத்தாலும் செய்கிறேன்" என்று சொல்வது பணிவு போலத் தோன்றும். ஆனால் அது அதிகாரிக்கு ஒரு கூடுதல் வேலை, உங்களுக்கு என்ன கொடுப்பது என்று அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அப்படிச் சொல்லிச் சேர்ந்த என் மாணவிகள் இருவர், தனியார் இடம் ஒன்றில் பதினைந்து நாட்களும் நாற்காலி தூக்கி, விருந்தினருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு வந்தார்கள். கேட்டபோது என் மீதே எனக்குக் கோபம் வந்தது. என்ன வேலை என்று எழுத்தில் கேட்காமல் அனுப்பியது நான்தான். அதற்குப் பிறகு ஒருவரையும் அப்படி அனுப்பவில்லை.

உங்கள் வயதில் நன்றாகச் செய்யக்கூடிய வேலைகள் நிறைய. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் பத்துப் பொருட்களுக்குக் குறிப்பு அட்டை எழுதலாம். ஒரு கூடத்தில் பார்வையாளர்கள் எந்தப் பொருளின் முன் எத்தனை நிமிடம் நிற்கிறார்கள் என்று பத்து நாள் கணக்கெடுக்கலாம். உங்கள் பழைய பள்ளியின் சிறு வகுப்பை அழைத்துவந்து அரைமணி நேரம் சுற்றிக் காட்டலாம். தாவரவியல் பிரிவு என்றால் அந்த வளாகத்து மரங்களுக்கே ஒரு வரைபடம் போடலாம். சின்னதாக, முடிக்கக்கூடியதாக, முடித்ததும் அவர்கள் கையில் கொடுக்கக்கூடியதாக இருக்கட்டும்.

கடிதம்

ஒரு பக்கம் போதும். தமிழிலேயே எழுதுங்கள். கையெழுத்து நன்றாக இருந்தால் கையால் எழுதுவதே மேல். பெறுநர் பகுதியில் ஆள் பெயர் வேண்டாம், பதவிப் பெயர் போதும். அதையும் அலுவலகப் பலகையைப் பார்த்துச் சரியாக எழுதுங்கள். என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் மாதிரி இது:

"மதிப்பிற்குரிய அம்மா / ஐயா,

நான் பதினொன்றாம் வகுப்பு மாணவி. சனவரி முதல் தங்கள் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்கு நான்கு முறை வந்து பார்த்து, வரைந்து, குறிப்பெடுத்திருக்கிறேன். நோட்டின் இரண்டு பக்கங்களின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். என்னைவிடச் சிறிய பிள்ளைகள் விளக்கப் பலகைகளைப் படிக்காமல் கடந்து போவதைப் பார்த்தேன். அவர்களுக்காகப் பத்துத் திருமேனிகளுக்கு எளிய தமிழில் குறிப்பு அட்டைகள் எழுதித் தர விரும்புகிறேன். மே மாதத்தில் வாரம் மூன்று நாள், காலை 10 முதல் 1 மணி வரை, நான்கு வாரங்கள் வர என்னால் முடியும். எழுதியவற்றைக் காப்பாட்சியர் ஒருவர் திருத்தித் தர அனுமதி வேண்டுகிறேன். பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் பள்ளியின் பரிந்துரைக் கடிதமும் இணைத்துள்ளேன்."

இதில் எதை மாற்றினாலும் நோட்டுப் பக்கங்களின் நகலை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'எனக்கு வரலாற்றில் மிகுந்த ஆர்வம்' என்ற வரியை எல்லோரும்தான் எழுதுகிறார்கள். நான்கு முறை வந்த தேதியும் கோணல்மாணலான ஒரு பென்சில் படமும் அந்த வரியைவிடப் பல மடங்கு பேசும்.

நேரில் கொடுங்கள், விடாமல் கேளுங்கள்

பள்ளிப் பிள்ளையின் மின்னஞ்சல் அரசு அலுவலகத்தில் எளிதாகக் காணாமல் போய்விடும். பெற்றோருடனோ ஆசிரியருடனோ காலை பதினோரு மணிவாக்கில் நேரில் போங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து அந்தப் பிரதியோடு மறுபடி போய், "அம்மா, என் கடிதம் எந்த மேசையில் இருக்கிறது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்க வேண்டாம். மறுத்தால், "மே 18 உலக அருங்காட்சியக நாள், அன்றைக்கு மட்டும் உதவ வரலாமா?" என்று கேளுங்கள். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம், அதற்கும் கேட்கலாம். ஒரு நாள் வேலையை ஒழுங்காகச் செய்தவரை அடுத்த முறை மறுப்பது கடினம்.

எப்போது கொடுப்பது? பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரலில் வந்துவிடும். மே மாதத்துக்கான கடிதம் பிப்ரவரியிலேயே போய்ச் சேர வேண்டும். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகள் இதற்குப் போதாது. வரைவதற்கும் குறிப்பெடுப்பதற்கும் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

பெற்றோருக்கு

உங்கள் கவலை நியாயமானது. சேரும் முன்பே பொறுப்பாளர் யார், பிள்ளை எந்த அறையில் உட்காரும், கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்கு வெளியே வரும் என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டால் பிள்ளைக்கு வாய்ப்பு போய்விடும் என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள். நல்ல நிறுவனம் இதைக் கேட்கும் பெற்றோரை மதிக்கும். முதல் இரண்டு நாள் கூடவே போய்வாருங்கள். முடிந்தால் இரண்டு பிள்ளைகளாகச் சேர்த்து அனுப்புங்கள். மேற்பார்வையாளர் வேலை விஷயமாகப் பேச வேண்டுமானால், பெற்றோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் பேசட்டும். பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பும் பழக்கம் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடலாம்.

இன்னொன்று. சான்றிதழுக்குப் பணம் கேட்கும் 'இன்டர்ன்ஷிப்'புகள் இப்போது நிறைய முளைத்திருக்கின்றன. முகாமுக்கும் பட்டறைக்கும் கட்டணம் இருக்கலாம், பொருள் செலவு உண்டு. வேலை வாங்கிக்கொண்டு அதற்குப் பணமும் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

சேர்ந்த பிறகு

அனுமதி இல்லாமல் எதையும் தொடாதீர்கள். இதன் காரணம் தெரிந்தால்தான் மனதில் நிற்கும். நம் கையில் வியர்வை, வியர்வையில் உப்பு. உப்பில் இருக்கும் குளோரைடும் காற்றின் ஈரமும் சேர்ந்தால் வெண்கலத்தின் மேல் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். வெண்கல நோய் என்று அதைச் சொல்வார்கள். விட்டால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். கடற்காற்று அடிக்கும் சென்னையில் ஆயிரம் வருடத்துத் திருமேனிகளைக் காப்பாற்றுவது லேசான வேலை அல்ல. எழும்பூரில் 1930இலேயே வேதியியல் பாதுகாப்புக்கென்று தனி ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. மின்பகுப்பு முறையில், அதாவது கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தி, அங்கே திருமேனிகளைச் சுத்தம் செய்தார்கள். வேதியியல் பிடித்தும் 'நீட்' மட்டுமே வழி என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் இந்த ஆய்வுக்கூடத்தைப் பற்றி நான் தவறாமல் சொல்வேன். அனுமதி கேட்டு, அங்கே வேலை செய்பவர்களிடம் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள்.

பொருளுக்குப் பதிவு எண் இருக்கும். உங்கள் குறிப்பில் ஒவ்வொரு பொருளின் பெயரோடும் அந்த எண்ணையும் எழுதுங்கள். எண் இல்லாத குறிப்பு அவர்களுக்குப் பயன்படாது. கண்ணால் பார்த்ததையும், படித்ததையும், ஒருவர் வாயால் சொன்னதையும் நோட்டில் வேறுவேறாகக் குறியுங்கள். காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லுங்கள். இருபது வருடமாக ஒரே கூடத்தில் நிற்கும் அண்ணனுக்குத் தெரிந்தது எந்தப் பலகையிலும் இருக்காது. உள்ளே எடுத்த படங்களைக் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள்.

கட்டடத்துக்கு வெளியேயும் உண்டு

இடம் கிடைக்கவே இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். மாணவர்கள் சேர்ந்து 1988 முதல் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று நம் கடற்கரையில் இருக்கிறது. சனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் மணலில் நடந்து, பங்குனி ஆமை முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். பெரியவர் ஒருவருடன் அந்த நடைக்குப் போகலாம். ஆகஸ்ட் 22ஐ ஒட்டிச் சென்னை தினக் கொண்டாட்டங்கள் வரும். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் தெருவின் வரலாற்றைச் சொல்லிக் கூட்டிப்போகும் மரபு நடை ஒன்றை நீங்களே நடத்தலாம். பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் தொடங்கலாம். இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அப்படி ஒரு மன்றத்தில் சேர்ந்து கல்வெட்டுப் படிக்கவே கற்றுக்கொண்டார்கள்.

கடைசி நாள்

எழுதிய அட்டைகளின் ஒரு பிரதியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் கேட்கும்போது வெறுமனே 'பங்கேற்றார்' என்றில்லாமல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பிரிவில், என்ன செய்தார் என்று எழுதித் தரக் கேளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ தொல்லியல் படிக்கப் போகும்போது அந்த ஒரு பத்தி உதவும். ஒரு வாரத்துக்குள் நன்றிக் கடிதம் அனுப்புங்கள். ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஒரு நாள் சும்மா போய்க் காப்பாட்சியரைப் பார்த்துவிட்டு வாருங்கள். போகும்போது பள்ளியில் உங்களுக்கு அடுத்த வகுப்பில் ஆர்வமாக இருக்கும் ஒரு பிள்ளையையும், அவருக்கு ஒரு கோடு போடாத நோட்டையும் கூட எடுத்துப் போங்கள்.